திறவாத கோப்புக்களும் திறவாத சிந்தனையும்

ஒரு சமூகத்தின் அறிவு மரபு அச்சமூகம் எழுதியவற்றால் மாத்திரம் நிலைபெறுவதன்று. எழுதியவற்றை மீண்டும் வாசிக்கும் ஆற்றலாலேயே நிலைபெறுகின்றது. வாசிக்க இயலாத எழுத்து எழுதப்படாத எழுத்துக்குச் சமானமானது. ஏட்டுச் சுவடிகளைப் பற்றிப் பேசும்போது இவ்வெளிய உண்மையை எல்லாரும் ஒப்புக்கொள்வர். கணினிக் கோப்புக்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது மறக்கப்பட்டுவிடுகின்றது.

இன்று ஒப்படை, ஆய்வேடு, கருத்தரங்குக் கட்டுரை, சங்க மலர் ஆகிய யாவும் சொல் முறைவழிப்படுத்தி மென்பொருள்களிலேயே உருவாகின்றன. மாணவர் தமது அறையில் எழுதிய கோப்பு விரிவுரையாளரின் கணினியில் திறவாமற் போவதும், பத்தாண்டுகளுக்கு முன் இறுவட்டில் ஒப்படைக்கப்பட்ட ஆய்வேடு இன்று வெறும் குறியீட்டுக் குவியலாகத் தோன்றுவதும் எந்தத் துறைக்கும் புதியனவல்ல. இவ்வாறு நிகழுந்தோறும் மூன்று விடைகள் தயாராக உள்ளன. கோப்புப் பழுதாகிவிட்டது என்பது ஒன்று. வைரஸ் புகுந்துவிட்டது என்பது மற்றொன்று. மாணவரின் கவனயீனம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் விடைகளல்ல. வினாவினை எழவிடாது தடுக்கும் உபாயங்களே இவை. திறவாத கோப்பு என்பது பெரும்பாலும் தனிமனிதத் தவறன்று. அது எழுத்தின் உடைமை பற்றிய பிரச்சினை. தமிழைப் பொறுத்தவரை அது மொழியுரிமை பற்றிய பிரச்சினையுமாகும்.

திறவாமையின் வகைகள்

நோய் இன்னதென அறியாது மருந்து பேச முற்படுவது பயனற்றது. எனவே கோப்பொன்று திறவாமைக்கான காரணங்களை முதலில் வகைப்படுத்தி நோக்குதல் அவசியமாகும். பொதுவாக நான்கு காரணங்களைச் சுட்டலாம்: கோப்புச் சிதைந்திருக்கலாம், கோப்பின் வடிவத்தை மென்பொருள் அறியாதிருக்கலாம், அறிந்திருந்தும் திறக்க மறுக்கலாம், கோப்புத் திறந்தும் அதன் எழுத்து வாசிக்க இயலாததாக இருக்கலாம். இந்நான்கையும் "பழுது" என்ற ஒரே சொல்லால் மூடிவிடுவதே இன்றைய குழப்பத்துக்கு முதற் காரணமாகும்.

முதலாவது சிதைவு. 2007ஆம் ஆண்டு வெளியான வேர்ட் மென்பொருளுடன் வழக்குக்கு வந்த டொக்எக்ஸ் கோப்பு, தோற்றத்தில் ஒரு கோப்பாயினும் உண்மையில் ஒரு பொதியாகும். சிப் என்னும் சுருக்க முறையிற் கட்டப்பட்ட அப்பொதியினுள் எழுத்து, நடை, படம் ஆகியன தனித்தனிக் கோப்புக்களாக உள்ளன. அப்பொதியின் பொருளடக்கம் நூல்களிற்போல முன்னால் இல்லாது இறுதியில் அமைந்துள்ளது. பென் டிரைவுக்குப் பிரதி செய்துகொண்டிருக்கும்போது அதனைப் பிடுங்கினாலோ, மின்சாரம் தடைப்பட்டாலோ, கோப்பின் இறுதிப் பகுதியே முதலிற் பறிபோகின்றது. பொருளடக்கத்தைக் காணாத மென்பொருள், முழுக் கோப்பும் பழுதெனக் கூறிவிடுகின்றது. ஆயினும் எழுத்தினைத் தாங்கிய உட்கோப்புப் பெரும்பாலும் பொதியின் முற்பகுதியில் முழுதாகவோ குறையாகவோ எஞ்சியிருக்கக் கூடும். மூலக் கோப்பினைத் தொடாது, அதன் பிரதியொன்றினை எடுத்து, பெயரின் ஈற்றினைச் சிப் என மாற்றிப் பொதியைப் பிரித்தல். பொருளடக்கமே இல்லையாயின் சிப் பொதிகளைச் சீர்செய்யும் கருவியொன்றினை முதலிற் பயன்படுத்துதல். வேர்ட் மென்பொருளிலேயே உள்ள "திறந்து சீர்செய்க" என்னும் கட்டளையைப் பிரயோகித்தல். லிபரே ஒபிஸ் போன்ற பிறிதொரு மென்பொருளிலே திறந்து பார்த்தல் ஆகிய வழிகள் உள்ளன. திறக்கவில்லை என்பது வேறு, அழிந்துவிட்டது என்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையினால் எழுதியவர்களே கைவிட்ட ஆக்கங்கள் பல.

இரண்டாவது வடிவ வேறுபாடு. 1978ஆம் ஆண்டு வெளியாகி எண்பதுகளின் முற்பகுதியில் மேலோங்கியிருந்த வேர்ட்ஸ்டார் மென்பொருள், ஆவண முறையிலே பல சொற்களின் ஈற்றெழுத்தைக் குறிக்கும் பைற்றின் எட்டாவது பிற்றினைத் தனது பக்க அமைப்புத் தேவைக்காக மாற்றி வைத்தது. அதனை அறியாத மென்பொருளிலே அக்கோப்பினைத் திறந்தால், சொற்களின் தலை சரியாகவும் வால் அந்நியக் குறியாகவும் தோன்றும். எழுதியவர் பிழை செய்யவில்லை, கோப்பும் பழுதாகவில்லை. ஒரு நிறுவனம் தன் வசதிக்காக வகுத்த மரபினை மற்றொரு மென்பொருள் அறியவில்லை என்பதே விடயம். பின்னர் உலகெங்கும் பரவிய டொக் வடிவத்தின் கதையும் இத்தகையதே. கோடிக்கணக்கான ஆவணங்கள் அவ்வடிவத்தில் எழுதிக் குவிக்கப்பட்ட பின்னரே, அதன் விவரக்குறிப்பினை எவரும் தடையின்றிப் பெற்றுப் பயன்படுத்தத்தக்க வகையில் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 2008 பெப்ரவரியில் வெளியிட்டது. அதுவரை பிற மென்பொருளாளர் அவ்வடிவத்தைப் பெரிதும் ஊகித்தும் சோதித்துமே அறிய நேர்ந்தது.

மூன்றாவது மறுப்பு. இது பலர் அறியாத வகையாகும். 2007 செப்டம்பரில் ஒபிஸ் 2003 மென்பொருளுக்கு வெளியிடப்பட்ட மூன்றாவது சேவைப் பொதி, பழைய வேர்ட் வடிவங்கள் சிலவற்றையும், லோட்டஸ், கோரல் டிரோ முதலான பிற நிறுவனங்களின் வடிவங்கள் சிலவற்றையும் திறக்காதவாறு தடைசெய்தது. முதல்நாள் வரை திறந்த கோப்பு மறுநாள் திறக்கவில்லை. தடையை நீக்க விரும்புபவர் விண்டோஸின் உட்பதிவேட்டைத் தம் கையால் மாற்ற வேண்டியிருந்தது. அவ்வடிவங்கள் பாதுகாப்புக் குறைந்தவை என்பதே முதலிற் கூறப்பட்ட நியாயமாகும். எதிர்ப்பு வலுத்தபோது, 2008 ஜனவரியில் அந்நிறுவனம் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது. வடிவங்கள் அபாயமானவையல்ல, அவற்றை வாசிக்கும் தனது நிரலே குறைபாடுடையது என ஏற்றுக்கொண்டு, தடையை நீக்குவதற்கு எளிய வழியையும் வழங்கியது. தன் வீட்டுக் கதவின் பூட்டுப் பழுதென்பதை மறைத்து, வருவோர் எல்லாரையும் கள்வர் என்றதை ஒத்தது இது.

இதனாற் பாதுகாப்பு ஏற்பாடுகள் யாவும் சூழ்ச்சியென்று கொள்ளலாகாது. 1999 மார்ச்சில் மெலிசா என்னும் வைரஸ் வேர்ட் கோப்புக்களின் வழியே மின்னஞ்சலில் உலகெங்கும் பரவியது வரலாறு. இணையத்திலிருந்து வந்த கோப்பினைத் திருத்த இடந்தராது வாசிக்க மட்டும் இடந்தரும் இன்றைய ஏற்பாடு நியாயமானதே. ஆயின் எச்சரிப்பது ஒன்று, தடுப்பது மற்றொன்று. தம் சொந்த எழுத்தைத் திறக்கலாமா கூடாதா என்ற முடிவு எழுதியவரின் கையிலன்றித் தொலைதேசத்து நிறுவனமொன்றின் கையில் இருப்பதே ஈண்டு கண்டனத்துக்குரியது.

எழுத்தின் உடைமை

நான்காவது வகைக்குச் செல்லுமுன், மேற்கூறியவற்றின் அடிப்படை யாதென நோக்குதல் வேண்டும். ஏட்டுச் சுவடியை எடுத்துக்கொள்வோம். சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது அவர் எதிர்கொண்ட ஏடுகள் செல்லரித்தும் நுனி ஒடிந்தும் கிடந்தன. ஆயினும் எஞ்சிய பகுதியை, எழுத்து அறிந்த எவரும் வாசிக்கலாம். ஏட்டின் ஒரு மூலை சிதைந்தால் ஒரு மூலையே இழக்கப்பட்டது. தமிழ் வரிவடிவத்துக்கு உரிமையாளர் எவரும் இருக்கவில்லை. வாசிப்பதற்கு எவரிடமும் அனுமதி பெறவேண்டியிருக்கவில்லை. கணினிக் கோப்போ இவ்விரண்டு வகையிலும் ஏட்டினின்றும் வேறுபட்டது. சிறு சிதைவு முழு ஆவணத்தையும் மூடிவிடுகின்றது; அதனை வாசிக்கும் முறையோ தனியொரு நிறுவனத்தின் கைவசமாகிவிடுகின்றது. எழுத்து எழுதியவருடையது, வடிவம் வேறொருவருடையது என்னும் விசித்திரமான உடைமை உறவு இங்கு தோன்றுகின்றது. நிலம் உழுபவனுக்கு உரியதாயினும் கிணற்றின் துலா மற்றொருவன் வசம் இருப்பதை ஒத்த நிலை இதுவாகும்.

இந்நிலை கற்பனையன்று என்பதற்குப் பிரித்தானியாவிலேயே ஒரு சான்று உண்டு. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேட்டின் தொள்ளாயிரமாவது ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் புதிய டூம்ஸ்டே திட்டமொன்றினை நிறைவேற்றியது. நாடெங்குமுள்ள பாடசாலைப் பிள்ளைகளும் பங்களிப்புச் செய்த அத்தொகுப்பு, விசேட ஒளிவட்டுக்களிற் பதியப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்குள், 2002ஆம் ஆண்டளவில், அவ்வட்டுக்களை வாசிக்கும் கருவிகள் அருகிவிட்டமையால் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் பழைய கணினியின் செயற்பாட்டைப் புதிய கணினியிற் போலச்செய்து அதனை மீட்க வேண்டியதாயிற்று. தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையான தோற்சுவடியை அதன் மொழியும் எழுத்தும் கற்றவர் இன்றும் வாசிக்கலாம். பதினாறு ஆண்டுப் பழமையான வட்டினை வாசிக்க ஓர் ஆய்வுக் குழு தேவைப்பட்டது. இணையத்தின் அடிப்படைகளை வகுத்தோருள் ஒருவரான வின்ரன் சேர்ஃப் 2015இல் "எண்ணிம இருண்ட காலம்" பற்றி எச்சரித்ததன் பொருளும் இதுவே.

இதற்கு மாற்றுத் தேடும் முயற்சிகளும் நிகழாமலில்லை. திறந்த ஆவண வடிவம் எனப்படும் ஓ.டி.எஃப். 2005இல் ஓயாசிஸ் அமைப்பினாலும் 2006இற் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. எவரும் பெற்று வாசிக்கக்கூடிய விவரக்குறிப்பு, எந்த மென்பொருளும் பயன்படுத்தக்கூடிய வடிவம் என்பனவே அதன் சிறப்பு. இதற்குப் போட்டியாக மைக்ரோசொஃப்ற் முன்வைத்த டொக்எக்ஸ் வடிவத்தின் விவரக்குறிப்பு ஏறத்தாழ 6000 பக்கங்கள் கொண்டதாக இருந்தது. 2008இல் அதுவும் சர்வதேச நியமமாக்கப்பட்டபோது தென்னாபிரிக்கா, பிரேசில், இந்தியா, வெனிசுவெலா ஆகிய நான்கு நாடுகள் முறையீடு செய்தன, அம்முறையீடுகள் நிராகரிக்கப்பட்டன. முறையிட்ட நான்கும் மூன்றாம் உலக நாடுகளென்பது தற்செயலானதன்று. மென்பொருளை விற்கும் நாடுகளுக்கும் வாங்கும் நாடுகளுக்குமிடையே உள்ள உறவே அங்கு வெளிப்பட்டது.

நியமமாதலால் யாதும் பயனில்லை என்பது இதன் கருத்தன்று. டொக்எக்ஸின் விவரக்குறிப்புப் பகிரங்கமானமையாலேயே இன்று பிற மென்பொருள்கள் அதனை ஓரளவு நன்றாகத் திறக்கின்றன. வேர்ட் மென்பொருளே 2009 முதல் ஓ.டி.எஃப். வடிவத்திற் சேமிக்க இடந்தருகின்றது. பிரித்தானிய அரசாங்கம் 2014இல் தனது திணைக்களங்களிடையே பரிமாறித் திருத்தவேண்டிய ஆவணங்களுக்கு ஓ.டி.எஃப். வடிவத்தைத் தெரிவுசெய்தது. எனவே வழி அடைபட்டிருக்கவில்லை. வழியிற் செல்ல விருப்பமே இல்லை.

தமிழின் சொந்தப் பூட்டு

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, குற்றம் முழுவதும் அந்நிய நிறுவனங்களுடையதென மனநிறைவு கொள்வோர் இருப்பர். அவர்கள் நான்காவது வகையைக் கருத்திற் கொள்ளவேண்டும். கோப்புத் திறக்கின்றது, ஆயின் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துக்களும் நிறுத்தக் குறிகளும் நிரம்பிய ஒரு பக்கமே கண்முன் விரிகின்றது. இப்பூட்டினைச் செய்தவர் எவரும் அந்நியரல்லர்.

பாமினி போன்ற எழுத்துருக்களின் செயற்பாடு எளிமையானது. அவ்வெழுத்துருவிலே தமிழ் என்று தட்டச்சுச் செய்யும்போது கணினி தமிழ் எழுத்து எதனையும் பதிவதில்லை. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே அது பதிகின்றது. அவ்வாங்கில எழுத்துக்களின் உருவத்துக்குப் பதிலாகத் தமிழ் உருவங்களை வரைந்து காட்டுவதே எழுத்துருவின் பணி. அதாவது, தமிழ் ஒரு வேடமேயன்றி உள்ளீடன்று. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் களைந்துவிடுகின்றது. நூறு பக்க ஆய்வேடு நூறு பக்கப் பிதற்றலாகிவிடுகின்றது. எழுத்துருவை நிறுவினால் மீண்டும் தமிழ் தோன்றும் என்பது உண்மையே. ஆயினும் அந்நிலையிலும் கணினிக்கு அது தமிழன்று. அக்கோப்பிலே ஒரு தமிழ்ச் சொல்லை ஒருங்குறியில் இட்டுத் தேடினாற் கிடையாது. அகர வரிசைப்படுத்தினால் வரிசை குழம்பும். பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதனை வெறும் ஆங்கில எழுத்துக் கோவையாகவே ஒலிக்கும்.

தனித்தனி நிறுவனங்களும் ஆர்வலரும் தத்தமக்கெனக் குறியீட்டு முறைகளை வகுத்தமையால், ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றோர் எழுத்துருவிற் குழம்பியது. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெற் 99 மாநாடு பொதுக் குறியீடுகளை ஆராய்ந்தது. அதற்கும் முன்னரே, 1991இல், ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000 முதலாகப் பொதுப் பாவனைக் கணினிகளில் ஒருங்குறித் தமிழ் இயங்கலாயிற்று. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கென 1326 என்னும் இலக்கமுடைய நியமத்தை வெளியிட்டது. இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும் பாமினிக் கோப்பினையே எதிர்பார்க்கும் அச்சகங்களும் அலுவலகங்களும் துறைகளும் இன்றும் உள்ளன. விசைப்பலகைப் பழக்கத்தை மாற்ற இயலாது என்பதே அவற்றின் வாதம். இது வாதமாகாது. பாமினியின் அதே விசைப்பலகை ஒழுங்கிலேயே ஒருங்குறியைத் தட்டச்சுச் செய்யும் வசதிகள் நீண்ட காலமாகக் கிடைக்கின்றன. விரல்கள் மாறவேண்டியதில்லை, மனம் மாறினாற் போதும்.

ஒருங்குறியில் தமிழுக்கு அமைந்த இடம் இந்தியக் குறியீட்டு முறையொன்றை அடியொற்றியது, உயிர்மெய் எழுத்துக்களுக்குத் தனியிடம் தரவில்லை என ஆட்சேபிக்கும் அறிஞரும் உளர். அவ்வாட்சேபம் இலக்கண நோக்கிற் பொருளற்றதன்று. ஆயின் குறைகள் உள்ள பொது முறைக்கும், குறைகளே தெரியாதவாறு ஒளிந்துகொள்ளும் நூறு தனி முறைகளுக்குமிடையே தெரிவு செய்யும்போது ஐயத்துக்கு இடமில்லை. அச்சு வந்த காலத்தில் ஒவ்வோர் அச்சகமும் தனக்கென ஒரு நெடுங்கணக்கை வகுத்திருந்தால் ஆறுமுக நாவலரின் பதிப்புக்களை இன்று எவர் வாசித்திருப்பர்?

ஆட்சேபங்களும் அவற்றின் வலுவின்மையும்

இக்கருத்துக்களை முன்வைக்குந்தோறும் எழும் ஆட்சேபங்கள் சிலவற்றை ஆராய்தல் பொருத்தமாகும்.

இது கணினி விஞ்ஞானிகளின் விடயம், கலைப்பீடத்தார்க்கு இதில் வேலையில்லை என்பது முதலாவது ஆட்சேபம். மூலபாட ஆய்வு எவருடைய துறை? ஏட்டில் எழுதுவோன் பட்டறிவின்மையால் நேர்ந்த பிழையெது, சிதைவால் நேர்ந்த இழப்பெது, இடைச்செருகலெது எனப் பிரித்தறியும் கலையைப் பயில்வோர் கலைப்பீடத்தாரே. கல்வெட்டின் தேய்ந்த எழுத்தைப் படியெடுத்து வாசிக்கக் கற்பிக்கும் பீடம், இருபதாண்டுக்கு முந்திய தன் சொந்த மாணவரின் ஆய்வேட்டினை வாசிக்கவியலாது நிற்பது நகைப்புக்கிடமானது. கோப்பின் வடிவமும் குறியீடும் இக்காலத்தின் எழுத்தியலாகும். அதனை அறியாத பதிப்பாசிரியன் நாளை பதிப்பாசிரியனாக இருக்கவியலான்.

புதிய மென்பொருளை வாங்கினாற் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது இரண்டாவது. வாங்குவது எவர்? மகாபொல நிதியில் மாதத்தை ஓட்டும் மாணவரிடம் ஆண்டுச் சந்தா செலுத்துமாறு கூறுவது உபதேசமாகலாம், தீர்வாகாது. அன்றியும், புதுமையே பழையதை மூடும் வழியாதலை ஒபிஸ் 2003இன் கதை காட்டிற்று. டொக்எக்ஸ் கோப்புக்களைப் பழைய ஒபிஸ் மென்பொருள்களிலே திறக்க உதவிய இணக்கப் பொதியையும் 2018இல் மைக்ரோசொஃப்ற் விலக்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதே இத்தீர்வின் உட்பொருள்.

எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கிவிடலாம் என்பது மூன்றாவது. இதில் ஓரளவு உண்மை உண்டு. நெடுங்காலப் பேணலுக்கென்றே வகுக்கப்பட்ட பி.டி.எஃப்.-ஏ என்னும் வகை 2005இற் சர்வதேச நியமமாயிற்று; எழுத்துருவைக் கோப்பினுள்ளேயே பொதிந்து வைக்குமாறு அது விதிக்கின்றது. முடிந்த முடிபான ஆய்வேட்டினைப் பேண அது தக்கதே. ஆயின் பாமினியில் எழுதியதைப் பி.டி.எஃப். ஆக்கினாற் கண்ணுக்குத் தமிழ் தெரியும். தேடலுக்குத் தமிழ் அகப்படாது. வேடம் நிரந்தரமாக்கப்படுகின்றதேயன்றி உள்ளீடு மாறுவதில்லை. மேலும் திருத்தவும் மறுபதிப்புச் செய்யவும் வேண்டிய எழுத்துக்குப் பி.டி.எஃப். சிறையாகும்.

அச்சிட்ட பிரதி இருக்கின்றதே, கோப்பு எதற்கு என்பது நான்காவது. அச்சுப் பிரதியின் பெருமையை எவரும் மறுக்கவேண்டியதில்லை. அதனை வாசிக்க எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டா. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத் திட்டத்தினர், நூறாண்டுப் பழமையான தாளையும் படமாக்கி உலகுக்கு வழங்குகின்றனர். ஆயின் ஒரேயொரு தாட்பிரதியை நம்பியிருப்பதன் விலை யாதென்பதை 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் இத்தேசத்தார்க்குக் கற்பித்திருக்கின்றது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அத்தீயிற் போயின. பல இடங்களில், பல பிரதிகளாக, எவரும் திறக்கக்கூடிய வடிவத்தில் வைத்திருப்பதே தீக்கும் அழியாத வழி. அப்பிரதிகள் யாவும் திறவாத கோப்புக்களாயின், எரியாமலே எரிந்த நூலகமொன்றைப் பேணுகின்றோம் என்பதே பொருள்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை பத்திரத்தில் எழுதப்பட்ட அளவில் நிறைவுறுவதன்று. தமிழிலே பிறப்பிக்கப்பட்ட கடிதம் தமிழாகத் திறக்கவும், தமிழாகத் தேடப்படவும், தமிழாகப் பேணப்படவும் வேண்டும். மேடையில் மொழியுரிமை முழங்கிவிட்டு, அலுவலகத்தில் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடி அணிவிப்போரின் மொழிப்பற்று உதட்டளவினதே.

செய்யத்தக்கவை

விமரிசனம் செயலுக்கு இட்டுச் செல்லாதவிடத்து அது வெறும் மனத்தாங்கலாகவே முடியும். ஆதலின் பல்கலைக்கழகங்களிடமும் தமிழ்ச் சங்கங்களிடமும் பின்வருவனவற்றைக் கோருதல் வேண்டும்.

முதலாவதாக, தமிழில் எழுதப்படும் ஒப்படை, ஆய்வேடு ஆகிய அனைத்தும் ஒருங்குறியிலேயே அமையவேண்டுமெனத் துறைகள் விதிக்கவேண்டும். பாமினியிற் கோரும் அறிவுறுத்தல்கள் மீளப்பெறப்படவேண்டும்.

இரண்டாவதாக, ஆய்வேட்டின் கோப்பு இரு வடிவங்களிற் பெறப்படவேண்டும். ஒன்று திருத்தத்தக்க ஓ.டி.எஃப்.; மற்றையது பேணத்தக்க பி.டி.எஃப்.-ஏ. இவ்விரண்டையும் செலவின்றிக் கிடைக்கும் லிபரே ஒபிஸ் மென்பொருளே உருவாக்கித் தரும்.

மூன்றாவதாக, துறைகளின் அலுமாரிகளிற் கிடக்கும் பழைய நெகிழ்வட்டுக்களும் இறுவட்டுக்களும் தாமதமின்றிப் பிரதி செய்யப்பட்டு, பழைய எழுத்துருக்கள் ஒருங்குறிக்கு மாற்றப்படவேண்டும். மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயின் தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்தில் அவை ஆங்கிலத்தையும் தமிழெனக் கொண்டு மாற்றிவிடும். அடிக்குறிப்புக்களும் உசாத்துணைகளும் சிதையும். எனவே மாற்றப்பட்ட ஒவ்வொரு பக்கமும் மூலத்துடன் ஒப்புநோக்கப்படவேண்டும். இதற்கு வேண்டுவது கணினி நிபுணத்துவத்திலும் பார்க்க மெய்ப்புப் பார்க்கும் பொறுமையே. அது தமிழ் மாணவர்க்குப் புதியதன்று.

நான்காவதாக, கோப்புத் திறவாமையைக் காரணங்காட்டி மாணவரின் புள்ளியைக் குறைக்கும் வழக்கம் ஒழியவேண்டும். காரணம் சிதைவா, வடிவமா, தடையா, எழுத்துருவா என ஆராய்ந்த பின்னரே பொறுப்பினை எவர்மீதும் சுமத்தலாம். கவனயீனமான மாணவர் இல்லாமலில்லை. வேறொரு பிரதி வைத்திராமல் ஒரேயொரு பென் டிரைவை நம்புவோரும் உளர். அவர்களைத் திருத்துவது வேண்டியதே. ஆயினும் விசாரணையின்றித் தீர்ப்பு வழங்குவது எந்த நீதிக்கும் ஒவ்வாது.

ஐந்தாவதாக, முதலாம் ஆண்டிலேயே கலைப்பீட மாணவர்க்கு ஆவண வடிவங்களும் தமிழ்க் குறியீடும் பாடமாக வேண்டும். மென்பொருளின் பொத்தான்களை அழுத்தப் பயிற்றுவது கணினிக் கல்வியன்று. தாம் எழுதுவது எங்கு, எவ்வாறு, எவருடைய விதிப்படி சேமிக்கப்படுகின்றது என அறிவதே கல்வியாகும்.

இவற்றுள் எதுவும் பெருநிதியை வேண்டுவதன்று. வெளிநாட்டு உதவியோ ஆலோசகர் குழுவோ தேவையில்லை. ஒரு துறைக் கூட்டத்தின் தீர்மானமும், சங்க உறுப்பினர் சிலரின் சில வார உழைப்புமே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏடு தேடி ஊரூராக அலைந்தோர்க்குப் பல்கலைக்கழகமோ சம்பளமோ இருக்கவில்லை. பிறர் கைவிட்ட எழுத்தை அவர்கள் மீட்டனர். இத்தலைமுறையிடம் கேட்கப்படுவது அதனிலும் எளியது: தான் எழுதுவதையாவது தன் பின்னோர் திறக்கத்தக்கதாக விட்டுச்செல்லுதல். அதனையும் செய்யாத தலைமுறை, தமிழின் பெருமையைப் பற்றி ஆண்டுதோறும் மலர் வெளியிடுவதிற் பொருளில்லை.